பூஸ்டர் வாங்கும் முன் ஒருமுறை ஆன்டெனாவைப் போய்ப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். வீட்டு ஆன்டெனாவில் படம் சரியாக வரவில்லை என்று, சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் ஒன்றை வாங்கியிருக்கிறார். அது போதவில்லை என்று இன்னொன்றும் வாங்கியிருக்கிறார். இரண்டையும் மாட்டிய பிறகு, அதுவரை வந்துகொண்டிருந்த சேனல்களும் போய்விட்டனவாம். இனி ஆன்டெனாவைக் கழற்றிப் போட வேண்டியதுதான் என்று கடிதத்தை முடித்திருந்தார்.

படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. கழற்றிப் போடுகிற முடிவுக்கு நாங்களும் வந்துவிட்டோம். ஆனால் கெட்டுப்போயிருந்தது ஆன்டெனா அல்ல. அந்த வாசகர் வீட்டிலும் அது நன்றாகவே இருக்கலாம். அவருக்காகவும், அவரைப் போலக் கையைப் பிசைந்துகொண்டு இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தையல் வேலை செய்பவள். அப்பா ரேடியோ, டிவி பழுது பார்ப்பவராக இருந்தார். சின்ன வயதில் அவருடைய ஏணியைப் பிடித்துக்கொண்டு பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அவர் மேலே ஆன்டெனாவைத் திருப்புவார், வீட்டுக்காரர் உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், நடுவில் ஜன்னலோரம் நான் நின்று "வருதாம்பா", "இன்னும் கொஞ்சம்", "ஐயோ போச்சு" என்று குரல் கொடுப்பேன். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அவர் கற்றுக்கொடுத்ததில் கொஞ்சம் கையில் தங்கியிருந்தது, மிச்சத்தை இந்த ஆறு மாதத்தில் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் டிவி அம்மாவுக்காகத்தான் ஓடுகிறது. அவருக்கு வயது 84. பார்வை மங்கிவிட்டது, படத்தைவிடச் செய்தி வாசிப்பவரின் குரலைத்தான் நம்பி உட்கார்ந்திருப்பார். அதனால் கோளாறை முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். "அவங்க பேசுறது நடுநடுவே அறுந்து போவுதும்மா. எத்தனை பேருன்னு சொல்ற இடத்துல பாத்து அறுந்து போவுது" என்றார். எனக்குப் படம் நன்றாகத்தான் தெரிந்தது. வயதாகிவிட்டது, காது மந்தமாகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. சில வாரம் கழித்துப் படமும் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. ஒருநாள் மழைக்குப் பிறகு திரை மொத்தமும் கறுப்பாகி, 'சிக்னல் இல்லை' என்று வந்து நின்றது.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் பனி கொட்டுகிற மாதிரி புள்ளிகள் கூடும். ஏதோ கோளாறு வளர்கிறது என்று மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். டிஜிட்டல் ஒளிபரப்பு அப்படி இல்லை. வருகிற தகவலில் பிழை விழுந்தால் திருத்திக்கொள்ளும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தத் திருத்தம் தாங்குகிற வரைக்கும் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். தாங்க முடியாத எல்லையைத் தாண்டினால் கட்டம் கட்டமாக உடைந்து, அடுத்து ஒன்றுமே இல்லாமல் போய்விடும். அதனால் 'நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று போய்விட்டது' என்பது கண் சொல்கிற கணக்கு. சிக்னல் பல மாதமாகச் சரிந்துகொண்டே வந்திருக்கும், நேற்றுதான் விளிம்பைத் தாண்டியிருக்கும். அம்மா காதில் விழுந்த அந்த அறுந்த சொற்கள் விளிம்புக்கு வந்துவிட்டோம் என்பதற்கான அறிகுறி.

பழுது பார்க்க ஒருவரை வரவழைத்தோம். வந்தவர் செய்த முதல் வேலை, ரிமோட்டை எடுத்து ஆட்டோ டியூனிங் போட்டது. சிக்னல் இல்லாத நேரத்தில் தேடச் சொன்னால் பெட்டி எதைக் கண்டுபிடிக்கும்? பதிந்து வைத்திருந்த சேனல்கள் அத்தனையும் அழிந்தன. அடுத்து டிவிக்குப் பின்னால் ஒரு பூஸ்டரை மாட்டினார். இரண்டு சேனல் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏணி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் அந்த இரண்டும் போயின.

அவரை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் ஆன்டெனா வேலை என்றால் மேலே ஏறிப் பார்ப்பதுதான் பாதி வேலை. அதைச் செய்யாமல் பூஸ்டர் விற்பது, சட்டை ஏன் பிடிக்கிறது என்று அளந்து பார்க்காமல் இன்னும் நான்கு பொத்தான் வைத்துத் தைப்பது மாதிரி.

பூஸ்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாசகர் இடறி விழுந்தது அங்கேதான். பூஸ்டருக்கு நல்ல சிக்னல் எது, இரைச்சல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளே வருகிற எல்லாவற்றையும் பெருக்கிவிடும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்த்துவிடும். கேபிளில் இறங்கி வரும்போதே சிக்னல் இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது என்றால், டிவிக்குப் பின்னால் எத்தனை பூஸ்டர் வைத்தாலும் அதை மீட்டெடுக்க முடியாது. ஆகவே பூஸ்டர் தேவைதான் என்றால் அது மேலே, ஆன்டெனாவை ஒட்டிக் கம்பத்தில் இருக்க வேண்டும். கேபிளில் தேய்வதற்கு முன்பே, சிக்னல் சுத்தமாக இருக்கும் இடத்திலேயே பெருக்க வேண்டும். அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கீழே இருந்து அதே கேபிள் வழியாகவே அனுப்பலாம், அப்படித்தான் செய்கிறார்கள். நல்ல கேபிளில்கூட, டிவி அலைகள் வருகிற 600 மெகாஹெர்ட்ஸ் அளவில் 30 மீட்டர் ஓடினால் சுமார் 5, 6 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) போய்விடும். 6 டெசிபல் போனால் மிஞ்சுவது கால் பங்கு. ஒரு ஆன்டெனாவை இரண்டு டிவிக்குப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் போகும். நீளமான கேபிள், ஒன்றுக்கு மேற்பட்ட டிவி, இந்த இரண்டு இழப்பையும் ஈடுகட்டத்தான் பூஸ்டர்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. சிக்னல் ஏற்கெனவே பலமாக இருக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பூஸ்டர் போட்டால், அது டிவிக்குள் சேனலைப் பிடிக்கிற டியூனரின் காதுக்குள் கத்துகிற மாதிரி. டியூனர் திணறிவிடும். பெருக்கும் கருவிக்குள்ளேயே சேனல்கள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத அலைகள் பிறந்து, நல்ல சேனல்களின் மேல் போய் உட்காரும். அந்த வாசகர் வீட்டில் வந்துகொண்டிருந்ததும் போனது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டையும் கழற்றிவிட்டு, கேபிளை நேராக டிவியில் சொருகிப் பார்க்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத சோதனை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அன்று மாலை அண்ணன் மகன் வந்திருந்தான். "அத்தை, செட்டிங்ஸில் சிக்னல் பக்கம் ஒன்று இருக்கிறது, பார்த்தீர்களா?" என்றான். அதில் இரண்டு பட்டைகள் இருந்தன. ஒன்று வலிமை, இன்னொன்று தரம். சில பெட்டிகளில் எண்ணாகவும் காட்டும். எல்லோருடைய கண்ணும் வலிமை மேல்தான் போகும், ஆனால் படத்தைத் தீர்மானிப்பது தரம். வலிமை பாதிதான், தரம் நிறைவாக இருக்கிறது என்றால் எதையும் தொடாதீர்கள். வலிமை முழுசு, தரம் அதலபாதாளம் என்றால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ, வேறு அலையின் குறுக்கீடோ, பூஸ்டரின் அதிகப்படியோ காரணமாக இருக்கும். இரண்டுமே தரையில் கிடந்தால் கேபிள், இணைப்பு, ஆன்டெனா என்று தேட வேண்டும். எங்களுக்கு இரண்டும் தரையில்.

அதற்கு முன் பக்கத்து வீட்டில் விசாரித்தேன். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் அதே நேரத்தில் அதே சேனல்கள் போயிருந்தால் கோளாறு ஒளிபரப்புக் கோபுரத்திலோ வானிலையிலோ இருக்கும். காற்றழுத்தம் கூடி நிற்கிற சில நாட்களில் எங்கோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையத்தின் அலைகள் வளைந்து வந்து நம் சேனலில் மோதும். அன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, பொறுத்திருக்க வேண்டும். முக்கியமாக, அந்த நேரத்தில் மறு டியூனிங் போடவே கூடாது. பக்கத்து வீட்டில் படம் நன்றாக வந்தது. ஆக, பழுது எங்கள் வீட்டு எல்லைக்குள்.

டிவியிலிருந்து ஆரம்பித்தேன். சுவருக்கும் டிவிக்கும் நடுவே இருக்கிற சின்னக் கேபிள்தான் பெரும்பாலும் இருப்பதிலேயே மட்டமானது. பெட்டியோடு சும்மா வந்ததாக இருக்கும், வெளி அலைகள் புகாமல் தடுக்கிற காப்பு வலை உள்ளே பேருக்கு நாலு இழை ஓடியிருக்கும். அதை நல்ல கேபிளாக மாற்றினேன். சிக்னல் ஏறவில்லை. ஆனால் அந்த மாற்றம் வீண் போகவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலை மேலே ஏறினேன். வெயில், காற்று இல்லை, தரை காய்ந்திருந்தது, அண்ணன் மகன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். இதைப் படிக்கிற யாராக இருந்தாலும் இந்த நிபந்தனைகளை விட்டுவிடாதீர்கள். மழை, இடி, பலத்த காற்று என்றால் ஏறக் கூடாது. தனியாக ஏறக் கூடாது. ஆன்டெனா கம்பம் சாய்ந்தால் மின்கம்பியைத் தொடுகிற தூரத்தில் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தெரிந்த ஆளை வரவழையுங்கள், அவரையும் எச்சரியுங்கள். அலுமினியக் குச்சி மின்கம்பியில் பட்டால் யோசிக்க நேரம் கிடைக்காது. அப்பா இந்த ஒன்றில் மட்டும் யாருக்காகவும் வளைந்துகொடுத்ததில்லை. 'நாளைக்கு வரேன்' என்று திரும்பி வந்த வீடுகள் உண்டு.

மேலே கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆன்டெனா நேராக நின்றது, குச்சி ஒன்றுகூட வளையவில்லை. கேபிள் ஆன்டெனாவில் இணையும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதன் மூடியில் மயிரிழை போல ஒரு விரிசல். திருகைக் கழற்றித் திறந்தேன். உள்ளே எறும்புகள் மண் சேர்த்துக் குடியிருந்தன. செம்பில் இருக்க வேண்டிய நடுக்கம்பி பச்சை பூத்து, தொட்ட இடத்தில் ஒடிந்தது. கேபிளை விடுவித்துத் தலைகீழாகப் பிடித்தேன். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அப்புறம் நிற்காமல்.

தையற்காரி கைக்கு நூலும் பின்னலும் பழகியவை. கேபிளின் மேல்தோலை விரலளவு உரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளிச் சரிகை போல மின்ன வேண்டிய பின்னல் வலை கரியாகிப் போயிருந்தது, விரலில் தேய்த்தால் பொடியாக ஒட்டியது. இன்னும் ஒரு முழம் தள்ளி வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. இரண்டு மீட்டருக்கு மேல் வெட்டியும் பளபளப்பான செம்பு கண்ணில் படவில்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்தப் பின்னல் தண்ணீரை இழுத்துக்கொண்டே இறங்கியிருக்கிறது. நடுவில் காற்றறைகள் உள்ள பழைய மாதிரி கேபிள் அது, குழாய் மாதிரித் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடும். நுனியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவதில் பயனில்லை என்று முழுவதையும் மாற்றினேன். உள்ளே நுரை நிரப்பிய, பின்னல் வலையோடு மெல்லிய உலோகத் தகடும் சுற்றிய, டிவிக்கென்று உள்ள 75 ஓம் கேபிளாக வாங்கினோம்.

சந்தேகம் உள்ளவர்கள் வெட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் சோதிக்கலாம். கேபிளின் இரு முனையையும் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் வெளி வலைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். நல்ல கேபிளில் தொடர்பே காட்டக் கூடாது. கொஞ்சமாவது தொடர்பு தெரிந்தால் உள்ளே ஈரமோ, எங்காவது நசுங்கலோ இருக்கிறது. இரு முனையும் கழற்றியிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பல ஆன்டெனாக்களின் அமைப்பே நடுக்கம்பியையும் வலையையும் இணைத்துத்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கேபிள் கெட்டுவிட்டது என்று ஏமாந்துபோகக் கூடாது. கேபிள் போகும் வழியையும் ஒருமுறை கையால் தடவிக்கொண்டே வாருங்கள். ஜன்னல் சட்டத்தில் நசுங்கியிருக்கும், ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள், மூலையில் தாளை மடிப்பது மாதிரி மடித்திருப்பார்கள். நடுக்கம்பிக்கும் வலைக்கும் உள்ள இடைவெளி எங்கும் ஒரே சீராக இருந்தால்தான், கேபிள் சிக்னலுக்குக் காட்டுகிற அந்த 75 ஓம் என்ற அளவு மாறாமல் நிற்கும். நசுங்கிய இடத்தில் சிக்னலில் ஒரு பகுதி திரும்பி வந்த வழியே போய்விடும்.

புதுக் கேபிளின் முனையில் கனெக்டர் போடுவதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கிற இடம். மேல்தோலை உரித்து, பின்னலை ஓர் இழை விடாமல் பின்னுக்கு மடித்து, நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைக் காப்பைக் கீறல் படாமல் நறுக்க வேண்டும். கனெக்டரைத் திருகி ஏற்றிய பிறகு நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் உள்ளே போய்த் தொடாது. பின்னலில் ஒரே ஓர் இழை, தலைமுடியை விட மெல்லியது, தவறி நடுக்கம்பியைத் தொட்டுவிட்டால் மொத்தச் சிக்னலும் அங்கேயே முடிந்துவிடும். நான் முதலில் போட்டதில் அப்படி ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போட்டேன்.

வெளியில் இருக்கும் இணைப்புக்குச் சாதாரண இன்சுலேஷன் டேப் போதாது. வெயிலில் பசை உருகி, ஓரம் பிரிந்து, அதுவே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இழுத்துச் சுற்றினால் தன்மேல் தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப் இருக்கிறது. அதைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி. அப்போதுதான் ஒரு சுற்றின் விளிம்பில் வழிகிற நீர் அடுத்த சுற்றுக்குள் நுழையாது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கவிடுங்கள். மழைநீர் கேபிளோடு ஓடி வந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் போகாது.

கேபிளை மாற்றியதுமே சேனல்கள் வந்துவிட்டன. தரம் மட்டும் ஒரே நிலையில் நிற்காமல் ஏறி இறங்கியது. அதற்குத்தான் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டியிருந்தது.

நம் வீடுகளின் மேல் நிற்கும் மீன்முள் மாதிரி ஆன்டெனாவை யாகி என்று சொல்வார்கள். அப்பா எப்போதும் 'யாகி-உடா' என்றுதான் சொல்வார். 1920-களில் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் சேர்ந்து உருவாக்கியது. 1926-ல் அதைப் பற்றி எழுதினார்கள். வேலையில் பெரும்பங்கு உடாவுடையது, நிலைத்த பெயர் யாகியுடையது. அப்பாவுக்கு அதில் ஒரு மனத்தாங்கல், அதனால் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வார். கேபிள் இணைந்திருக்கிற குச்சி மட்டும்தான் சிக்னலை வாங்கிக் கீழே அனுப்புகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் நீளமான குச்சி அலையைத் திருப்பி முன்னுக்குத் தள்ளுகிறது, முன்னால் வரிசையாக இருக்கும் குட்டைக் குச்சிகள் அலையை இழுத்துக் கொடுக்கின்றன. ஆகவே குட்டைக் குச்சிப் பக்கம்தான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். பின்புறமாகத் திருப்பி மாட்டிய ஆன்டெனாக்களை நானே பார்த்திருக்கிறேன்.

குச்சிகள் படுக்கையாக இருக்க வேண்டுமா, நின்றபடி இருக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஒளிபரப்பு எந்த வாக்கில் அனுப்பப்படுகிறதோ அதே வாக்கில்தான் ஆன்டெனாவும் இருக்க வேண்டும். பெரிய நிலையங்கள் பெரும்பாலும் படுக்கை வாக்கில் அனுப்பும், சின்னத் துணை நிலையங்கள் பல நிமிர்ந்த வாக்கில் அனுப்பும். மாறிப்போனால் 20 டெசிபல் வரை இழப்பு வரலாம், அதாவது நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நன்றாகப் படம் வருகிற பக்கத்து வீட்டு ஆன்டெனாவைப் பார்த்து அப்படியே வைப்பது சுலபமான வழி.

அந்தக் காலத்தில் அப்பா திருப்பத் திருப்பப் படம் உடனுக்குடன் மாறும், நாங்களும் உடனே குரல் கொடுப்போம். டிஜிட்டலில் அந்த வேகம் உதவாது. திருப்பிய பிறகு டியூனர் சிக்னலைப் பிடித்துத் தரத்தைக் கணக்கிட்டுக் காட்டச் சில வினாடிகள் ஆகும். நான் விரலளவு திருப்பிவிட்டுப் பத்து வரை எண்ணுவேன், கீழே அண்ணன் மகன் செல்பேசியில் எண்ணைச் சொல்வான். "62, அத்தை. 58. ம்ஹூம், பழைய இடத்துக்கே போங்க." நடுவில் அம்மாவின் குரல் கேட்டது, "இப்ப பேசுறது அறுபடாம வருதுடா." அவன் 71 என்றான். கோபுரம் இருக்கும் திசைக்கு நேராக அந்த இடம் இல்லை, கொஞ்சம் விலகியிருந்தது. நேரே வைத்தால் வலிமை அதிகம், ஆனால் எதிரே இருக்கிற உயரமான கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து விழுந்தது. ஆன்டெனா காது கொடுக்காத திசை ஒன்று பக்கவாட்டில் இருக்கும், அந்தக் கட்டடத்தை அந்தத் திசைக்குள் தள்ளிவிட வேண்டும். வலிமை கொஞ்சம் குறையும், தரம் கூடும்.

உயரத்தையும் மாற்றிப் பார்த்தேன். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர்தான். நேராக வருகிற அலையும் தரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பட்டு வருகிற அலையும் ஓர் இடத்தில் ஒன்றையொன்று கூட்டும், ஒரு சாண் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். கம்பத்தில் பிடியைத் தளர்த்தி ஆன்டெனாவை ஒரு சாண் மேலே ஏற்றினேன், தரம் 71-லிருந்து 86 ஆனது. அதே ஆன்டெனா, அதே திசை. ஒரு சாண் உயரம் இவ்வளவு செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து அம்மா, "சாயங்காலம் விளக்குப் போட்டதும் மட்டும் ஒரு சேனல்ல கரகரங்குது" என்றார். இந்த முறை நான் அலட்சியம் செய்யவில்லை. மாலையில் ஒவ்வொரு விளக்காக, ஒவ்வொரு சார்ஜராக அணைத்துப் பார்த்தேன். இருட்டியதும் தானாக எரிகிற மாடிப்படி எல்இடி விளக்குதான் குற்றவாளி. மலிவான எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் உள்ளே மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன, அந்த வெட்டு வானொலி அலையாகக் கசிகிறது. கீழ் அலைவரிசையில் உள்ள சேனல்களை அது அதிகமாகத் தாக்கும். விளக்கை மாற்றியதும் நின்றது. டிவிக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்னக் கேபிளை முன்பே மாற்றியது வீண் இல்லை என்றேனே, அது இதற்காகத்தான். ஒரு நாள் பழையதை மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே விளக்கு இரண்டு சேனலைக் கெடுத்தது. நல்ல காப்பு வலை உள்ள கேபிள் போட்டதால் ஒன்றோடு நின்றிருந்தது.

செல்பேசிக் கோபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு டிவிக்கு என்று இருந்த மேல் அலைவரிசையின் ஒரு பகுதி, 2007-லும் 2015-லும் நடந்த உலக வானொலித்தொடர்பு மாநாடுகளை ஒட்டி, உலகின் பல பகுதிகளில் செல்பேசிக்குப் போய்விட்டது. பழைய ஆன்டெனாவும் பழைய பூஸ்டரும் 862 மெகாஹெர்ட்ஸ் வரை வாங்குவதற்காகச் செய்யப்பட்டவை, ஆகவே இன்று செல்பேசி அலையையும் டிவி அலை என்று நம்பி உள்ளே விட்டுவிடும். அதைத் தடுக்கச் சின்ன ஃபில்டர் கிடைக்கிறது. அதைப் பூஸ்டருக்கு முன்னால் மாட்ட வேண்டும். பின்னால் மாட்டினால் பூஸ்டர் திணறி முடித்த பிறகு போய்த் தடுப்பதாகிவிடும்.

எழுத்தில் இவ்வளவு நீளமாக இருந்தாலும் எங்கள் வீட்டில் உண்மையில் ஆனது ஒரு கேபிள், இரண்டு கனெக்டர், ஒரு சுருள் டேப், ஒரு விளக்கு, ஒன்றரை நாள் உழைப்பு. பூஸ்டர் இப்போது மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தொழில்நுட்பப் பக்கத்தில் புதுப்புதுச் செல்பேசிகளைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள், நல்லது. மாதத்தில் ஒருமுறையாவது வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பொருளைச் சரிபார்த்து வைத்துக்கொள்வது பற்றியும் ஒரு பத்தி வையுங்கள். இணையமும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை, ஒரு ஆன்டெனாவை மட்டும் நம்பி எவ்வளவோ வயதானவர்கள் செய்தி கேட்கிறார்கள். 'பூஸ்டர் போட்டும் வரவில்லை' என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு அடுத்து யாரைக் கேட்பது என்று தெரியாது. பழுது பார்க்கும் தம்பிகளுக்கும் சொல்லுங்கள்: ரிமோட்டைத் தொடும் முன் ஏணியைக் கேளுங்கள்.

அந்த வாசகர் இதைப் படித்தால், முதலில் இரண்டு பூஸ்டரையும் கழற்றட்டும். அப்புறம் வெயிலான ஒரு காலையில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, ஆன்டெனா டப்பாவின் மூடியைத் திறந்து பார்க்கட்டும். சரியான பிறகு ஒவ்வொரு சேனலின் வலிமையையும் தரத்தையும் ஒரு தாளில் தேதியோடு குறித்து வைக்கட்டும். நான் டிவி அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை பார்த்து எழுதுகிறேன். 86, 86, 85 என்று வந்துகொண்டிருக்கிறது. அது 70-க்கு இறங்கும் நாளில், அம்மா காதில் ஒரு சொல்லும் அறுபடுவதற்கு முன்பே, நான் ஏணியை எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி